கர்ப்ப காலக் குறுக்கு வலி: கை வைத்தால் ஏன் குறைகிறது?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஏழாம் மாசத்திலும் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போய், நாள் முழுக்க உட்கார்ந்தபடி பருப்பு உரிக்கிற பெண்கள் உண்டு. சாயங்காலம் எழுந்திருக்கும்போது குறுக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அது சும்மா அசதி இல்லை.

வயிறு முன்னால் தள்ளத் தள்ள, விழாமல் இருக்க உடம்பு பின்னால் சாய்கிறது. அடிமுதுகின் வளைவு கூடி, அங்கே உள்ள தசைகளுக்கு ஓய்வே இல்லாமல் போகிறது. இன்னொரு பக்கம், பிரசவத்துக்காக ஹார்மோன்கள் இடுப்பெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளின் நார்களைத் தளர்த்துகின்றன. முன்பக்க இடுப்பு மூட்டில் சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியும். படியேறும்போதும் படுக்கையில் புரளும்போதும் சுருக்கென்று குத்துவது பெரும்பாலும் இந்த இடுப்பு மூட்டுகளில்தான்.

இந்த வலிக்குக் கையாலேயே செய்கிற சிகிச்சைகளில் ஒன்று ஆஸ்டியோபதி, 1874இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிய கை வைத்தியம். கர்ப்பிணியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை கொடுப்பார்கள் (மாசம் ஏறிய பிறகு மல்லாந்து ரொம்ப நேரம் கிடந்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும்). இறுகிய தசையை மெதுவாக அழுத்தி நீவுவார்கள். அப்புறம் "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க காலைத் தள்ளுங்க" என்று சில விநாடி தள்ளச் சொல்லி, பிறகு தளர விடுவார்கள். அப்படித் தள்ளித் தளர்ந்த தசை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீளும், அதுதான் சூட்சுமம். சொடக்கு எடுக்கிற வேலையெல்லாம் கர்ப்பத்தில் வேண்டாம்.

"எலும்பு விலகியிருக்கு, ஏத்தி வச்சிடறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடுப்பெலும்பு மூட்டு அசைவதே மிகக் கொஞ்சம். தசை இளகுவதும் நரம்பு மண்டலத்தின் பதற்றம் தணிவதும்தான் வலியைக் குறைக்கின்றன என்பது நம்பத் தகுந்த விளக்கம். அமெரிக்காவில் 400 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு வலி மட்டுப்பட்டது. ஆனால் போலி அல்ட்ராசவுண்ட் கருவியால் தடவப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்! நிதானமாக ஒருவர் தொட்டுக் கவனிப்பதற்கே பாதிப் பலன் இருக்கிறது போல.

நம் ஊரில் இதற்கென்று படித்தவர்கள் குறைவு, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் கிடைப்பார். ஆசானிடம் (நாட்டு வைத்தியரிடம்) எண்ணெய் போட்டுத் தடவப் போகிறவர்கள் எத்தனை மாசம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வயிற்றில் கை வைக்க விடாதீர்கள். ரத்தக்கசிவு, காய்ச்சல், மூத்திரக் கடுப்பு, ஒரு கால் மட்டும் வீங்குவது, விட்டு விட்டு வருகிற வலி, இதில் எது இருந்தாலும் நேரே பிரசவ டாக்டரிடம்தான் போக வேண்டும்.