முட்டு எடுக்கும் நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885-இல் கட்டப்பட்டது. ஊருக்கு மணி காட்டியதோடு வயிற்றில் தண்ணீரையும் தேக்கி வைத்தது. அந்தக் கனத்தை அடியிலிருந்த இளகிய மண் தாங்காமல், கோபுரம் ஒருபக்கமாக அமிழ்ந்து சாய்ந்தது. அந்த மண் மாறிவிடவில்லை. தோட்டத்து லயங்களை விட்டு டவுனுக்குக் குடிவந்தவர்கள் எழுப்பும் மாடிவீடுகளும் கடைவரிசைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. வீட்டுக்குப் பைலிங் அடிக்கிறோம், அதாவது கனத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாகத் தூண்களை இறக்குகிறோம். அந்தக் காலத்தில் பக்காவ் எனும் சதுப்புநில மரக் கட்டை, இப்போது கான்கிரீட் பைல். மாடியின் கான்கிரீட் தளமான ஸ்லாபை வார்க்கும் நாளில், அடியில் தற்காலிகமாக நின்று அதன் கனம் முழுவதையும் சுமக்கும் இரும்பு முட்டுகளுக்கோ பைலிங் கிடையாது. வெறும் தரையில், சில சமயம் முந்தின வாரம் கொட்டி நிரவிய செம்மண்ணில் நிற்கின்றன.

கனம் எவ்வளவு? 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, 150 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்லாப் என்று வைத்துக்கொள்வோம். 3 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 2,400 கிலோ வீதம் 7,200 கிலோ. குலைக்கு 20 கிலோ என்றால் 360 செம்பனைக் குலைகளை ஒரே படுக்கையறையின் கூரைமேல் அடுக்கியதற்குச் சமம். ஊற்றும்போதே ஸ்லாப் சரிந்தால் பலரும் சிமெண்டைத்தான் திட்டுவார்கள். அந்த நேரத்தில் சிமெண்டுக்கு அதில் பங்கே இல்லை, அது இன்னும் குழம்பு.

குழம்பு கல்லாவது காய்ந்து அல்ல. ‘காஞ்சிருச்சு’ என்று வழக்கத்தில் சொன்னாலும், நடப்பது சிமெண்டும் தண்ணீரும் சேரும் வேதிவினை. ஈரம் போனால் வினை நின்றுவிடும். அதனால்தான் வார்த்த ஸ்லாபைக் குறைந்தது 7 நாள் நனைந்த கோணிச் சாக்கால் மூடி வைக்கிறோம். 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். பொறியாளர் கணக்கில் எழுதும் பலம் 28ஆம் நாளுக்குரியது. அப்போதுகூட கான்கிரீட் அழுத்தத்தைத்தான் நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்கும் திறன் அதில் பத்தில் ஒரு பங்கு. இழுப்பு வரும் பக்கத்தில் கம்பி கட்டுவது அதற்காகவே. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. இது இயற்கை நமக்குச் செய்த பெரிய சலுகை.

இனி முட்டுக்கு வருவோம். 1.2 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினால் ஒவ்வொரு முட்டின் தலையிலும் 1.44 சதுர மீட்டர் ஸ்லாப் உட்காரும். கம்பியோடு சேர்த்து கான்கிரீட் சதுர மீட்டருக்கு 375 கிலோ, பலகையும் சட்டமும் 50, ஆட்களும் கருவிகளும் 150. ஆக ஒரு முட்டுக்கு 830 கிலோ. அதன் அடித்தகடு 15 சென்டிமீட்டர் சதுரம் என்றால், மண்ணில் சதுர மீட்டருக்கு 37 டன் அழுத்தம். ஆற்றோரக் களிமண் இதில் சிறு பங்கைத்தான் தாங்கும். அதே முட்டுக்கடியில் 9 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்பும் உள்ள பலகையை நீளவாக்கில் போட்டால் பாரம் பரவி அழுத்தம் 3 டன்னாக இறங்கிவிடும். ஒரு பலகைதான் வித்தியாசம். அதற்குப் பதிலாகச் செங்கல் துண்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். செங்கல் பிளந்தால் முட்டு இரண்டு அங்குலம் இறங்கும், அதன் பாரமும் பக்கத்து முட்டுகளின்மேல் ஏறும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டும் மழை பலகைக்கடியிலும் அரித்துவிடும். காலையில் சரிபார்த்த முட்டுகளை மழைக்குப் பிறகு மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். பாரம் ஏறிய முட்டு சுத்தியலுக்கு அசையாது. ஆடினால் அதன் கீழ் மண் போய்விட்டது.

முட்டின் நீளம் கூடக் கூட அதன் பலம் குறைவது இன்னொரு சங்கதி. ஒல்லியான தூண் நசுங்கிச் சாவதில்லை, வளைந்துதான் விழும். நீளம் இரு மடங்கானால் வளையாமல் தாங்கும் பாரம் நான்கில் ஒரு பங்காகும். நடுவில் குறுக்குக் குழாய் பூட்டினால் நீளம் பாதியாகிவிட்ட மாதிரி, பலம் திரும்பி வரும். சாய்வாக நிற்கும் முட்டு இதைவிட மோசம். எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது ‘பின்’ எனப்படும் செருகுக் கம்பியின் விவகாரம். முட்டின் வெளிக்குழாய்க்குள் ஏறி இறங்கும் உள்குழாயை வேண்டிய உயரத்தில் நிறுத்தும் தடித்த எஃகுப் ‘பின்’ தொலைந்துபோனால், தரையில் கிடக்கும் 10 மில்லிமீட்டர் கம்பித் துண்டைச் செருகிவிடுகிறார்கள். முழுப் பாரமும் அந்தத் துண்டின் குறுக்கே இறங்குகிறது. அது மெல்ல வளையும், உள்குழாய் கீழே நழுவும், யார் கண்ணிலும் படாது.

கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லோரி வந்ததும், கலவை எவ்வளவு இளக்கம் என்று கூம்பு வைத்துச் சோதிப்பார்கள்: 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 முறை குத்தி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு அமர்கிறது என்று அளப்பார்கள். இறுகலாக இருந்தால் டிரைவரிடம் ‘கொஞ்சம் தண்ணி விடு’ என்பது வழக்கமான பேச்சு. தண்ணீர், சிமெண்டு விகிதம் 0.5-இலிருந்து 0.6 ஆனாலே பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இளக வேண்டுமானால் அதற்கென்று உள்ள இரசாயனக் கலவை இருக்கிறது.

கொட்டும்போது ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. ஒரு மீட்டர் உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 2,400 கிலோ. முட்டுகளைக் கணக்கிட்டது 375-க்கு. தூணில் ஆபத்து பக்கவாட்டில் வரும்: 3 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் பலகையைச் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் தள்ளும். வார்க்கும் நேரத்தில் ஸ்லாபுக்கடியில் யாரும் நடமாடக் கூடாது. பலகை இறங்குகிறதா என்று வெளியே நின்று நூல் கட்டிக் கவனிக்கலாம்.

மேலே நடப்பவர்களின் கால் செய்யும் கேடு தனி. சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் மறைப்பில் இழுப்பு மேல்பக்கம், ஆகவே கம்பியும் மேலே. 125 மில்லிமீட்டர் தடிப்பில் கம்பி அடிமட்டத்திலிருந்து 95 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பூட்ஸ் காலோடு நாலு பேர் ஏறி இறங்கினால் 55-க்கு அமுங்கிவிடும். பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் வழவழப்பான மறைப்புதான். ‘சேர்’ எனப்படும் வளைத்த கம்பியை அடியில் கொடுத்து, மேலே நடைபலகை போட்டால் போதும்.

உடம்புக்கு வரும் கேடுகளில் பலரும் அசட்டை செய்வது சிமெண்டுப் புண். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். பூட்ஸுக்குள் புகுந்தால் முதலில் வலிக்காது. மாலையில் கழற்றும்போது தோல் வெந்திருக்கும். உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கம்பி முனைகளுக்கு மூடி போடுவதும், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் மின்சாரத்தில் ஓடினால் கசிவு மின்வெட்டி வைப்பதும் சில்லறைச் செலவு.

சட்டமும் கைகொடுக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி வேலையை விட்டு விலகி நிற்கலாம் என்கிறது 26ஏ பிரிவு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைவிபத்துக் காப்பு 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் உண்டு. இதையெல்லாம் வங்காளதேசியிடமும் இந்தோனேசியரிடமும் புரிகிற மலாயில் மண்டோர் (மேற்பார்வையாளர்) சொல்லாவிட்டால், சட்டம் புத்தகத்தோடு நின்றுவிடும்.

கடைசியில் முட்டு எடுப்பது. அடுத்த வீட்டு வேலைக்கு முட்டு தேவைப்படுகிறது, வாடகை ஏறுகிறது, அவசரம் இங்கேதான் பிறக்கிறது. 1973 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில், இன்னும் பலம் பிடிக்காத ஸ்லாபின் முட்டுகளை முன்கூட்டியே எடுத்தார்கள். 23ஆம் மாடி தூண்களைச் சுற்றிப் பிய்ந்து இறங்க, அதன் கனத்தில் கீழ்மாடிகள் வரிசையாக விழுந்தன. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மலேசியாவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட பிரிட்டிஷ் விதிமுறை பிஎஸ் 8110 தரும் குறைந்தபட்சக் கெடு இது: தூணின் பக்கப் பலகை 12 மணி நேரம், ஸ்லாபின் அடிப்பலகை 4 நாள், ஸ்லாபின் முட்டு 10 நாள், பீமின் (உத்தரத்தின்) முட்டு 14 நாள். அந்த ஸ்லாபின்மேல் அடுத்த மாடியை வார்ப்பதானால் கீழே மறுபடி முட்டு நிறுத்தவேண்டும். எடுக்கும் வரிசையும் முக்கியம். நான்கு பக்கமும் தாங்கிய ஸ்லாபில் நடுவிலிருந்து ஓரத்துக்கு. வெயில் மறைப்பில் வெளிநுனியிலிருந்து சுவரை நோக்கி. சுவர்ப்பக்கத்தை முதலில் எடுத்தால் மறைப்பு நுனி முட்டின்மேல் உட்கார்ந்து, கம்பியே இல்லாத அடிப்பக்கத்தில் வெடிக்கும்.

நாள் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். வார்க்கும்போது அதே கான்கிரீட்டில் 150 மில்லிமீட்டர் சோதனைக் கட்டிகள் சிலவற்றைக் கூடுதலாக எடுத்து, ஆய்வுக்கூடத் தொட்டிக்கு அனுப்பாமல், ஸ்லாபின்மேல் அதே கோணிச் சாக்குக்கடியில் வைத்திருங்கள். ஸ்லாப் பட்ட வெயிலையும் மழையையும் அவையும் படட்டும். அதில் ஒன்றை நசுக்கி எண் வந்து, பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகு முட்டின் திருகைத் தளர்த்தலாம்.