விரல் அசையும் முன் மூளையில் ஏறும் கோடு

"நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது" என்ற வரியை எங்காவது படித்திருப்பீர்கள். அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-ல் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்றவர்கள் தங்களுக்குத் தோன்றும்போது கையை அசைக்க வேண்டும். கடிகார முள்போல 2.56 நொடிக்கு ஒரு சுற்று வரும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, அசைக்கும் எண்ணம் எப்போது வந்தது என்றும் சொல்ல வேண்டும். எண்ணம் அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்னால் வந்ததாகச் சொன்னார்கள். தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின்மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஈஈஜியின் கோடோ சுமார் 550 மில்லிநொடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது.

அந்தக் கோட்டை ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் கண்டறிந்து 1965-ல் விரிவாக வெளியிட்டவர்கள் கார்ன்ஹூபரும் டீக்கேயும். அதற்குத் தயார்நிலை மின்னழுத்தம் என்று பெயர். உண்மையில் அது எதிர்மின் பக்கம் நகர்வது. எதிர்மத்தை மேலே வரையும் பழைய ஈஈஜி வழக்கத்தால்தான் "ஏறுகிறது" என்கிறோம்.

அதைப் பதிவுசெய்வது பொறுமை கேட்கும் வேலை. தலையில் எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகத் தொடாது. முதல் நாளே ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்ல வேண்டும். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரையும், காதிலிருந்து காது வரையும் நாடாவால் அளந்து, இரண்டின் பாதியும் சந்திக்கும் உச்சிப்புள்ளியைக் குறிக்க வேண்டும். முடியை விலக்கி, தோலை லேசாகத் தேய்த்து ஜெல் வைத்து, மின்தடையை 5 முதல் 10 கிலோ ஓமுக்குள் கொண்டுவர வேண்டும். முன்கையில் தசை மின்முனையும் தேவை. பொத்தான் அழுந்துவதற்கு முன்பே தசை இயங்கத் தொடங்கிவிடும் என்பதால், நேரத்தைப் பொத்தானிலிருந்து எண்ணினால் கணக்கு பிசகும்.

நாம் தேடும் மாற்றம் சில மைக்ரோவோல்ட்தான். ஒரு கண் சிமிட்டலே 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். அதனால் ஒற்றை முயற்சியில் கோடு பொதுவாகத் தெளிவாகத் தெரியாது; பல முயற்சிகளைச் சராசரி எடுத்தே ஆக வேண்டும். 40 முயற்சிகளைச் சேர்த்தால் இரைச்சல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது, வேண்டாத அலைவுகளை நீக்கும் வடிகட்டியில். பதிவு சுத்தமாகத் தெரியட்டும் என்று 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால், மெதுவாக ஏறும் இந்தக் கோடும் கூடவே போய்விடும். 0.1 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வியர்வையால் வரும் மெதுவான அலைவும் உள்ளே வரும் என்பதால் அறை குளிர்ச்சியாக இருப்பது அவசியம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பெரிய சிக்கல் சராசரியிலேயே இருக்கிறது. நிரம்பும் தறுவாயில் உள்ள ஏரியில் காற்றால் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கலிங்கு வழிந்த நேரங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பின்னோக்கிப் பார்த்துச் சராசரி எடுங்கள். வழிவதென்று ஏரி முன்கூட்டியே தீர்மானித்து, சீராக ஏறிவந்ததுபோல ஒரு கோடு கிடைக்கும். மட்டம் ஏறியும் வழியாமல் இறங்கிய நேரங்கள் கணக்கிலேயே வரவில்லை. லிபெட் முறையிலும் அசைவு நடந்த தருணங்களிலிருந்துதான் பின்னோக்கி எண்ணுகிறோம். 2012-ல் ஆரோன் ஷர்கரும் உடன் ஆய்ந்தவர்களும் இதைத்தான் முன்வைத்தார்கள்: தானாக ஏறி இறங்கும் மூளைச் செயல்பாடு தற்செயலாக ஒரு வரம்பைத் தாண்டும்போது அசைவு நிகழ்கிறது, அந்த ஏற்றமே முடிவாகிவிடாது. இந்த விளக்கம்தான் எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது, விவாதம் முடிந்துவிடவில்லை என்றாலும்.

ஆகவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எத்தனை முயற்சிகளின் சராசரி, அசைவு இல்லாத நேரத்தோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். தலையில் ஈஈஜி தொப்பி மாட்டி "நீங்கள் எந்தப் பொருளை வாங்குவீர்கள் என்று சொல்கிறோம்" என்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

குற்ற விசாரணையில் இது இன்னும் கனமான விஷயம். விருப்பமில்லாதவர்மீது மூளை மின்பதிவுச் சோதனை நடத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் தானாக ஒப்புக்கொண்டு செய்துகொண்டாலும், அந்தச் சோதனை முடிவை அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.