கல்லானவர்கள் புதைபடிவங்கள் அல்லர்

"பச்சை ஒளி பட்டதும் உலகத்து மனிதர் எல்லாரும் புதைபடிவம் ஆகிவிடுகிறார்கள்." டாக்டர் ஸ்டோன் என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் (மாங்கா) முதல் தொகுதியைப் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவன் இப்படித்தான் கதை சொல்லத் தொடங்கினான். அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தொடரைப் பற்றித் தமிழில் பேசுகிற இன்னும் சிலரிடமும் இதே சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புதைபடிவம் நல்ல சொல்தான். ஆனால் இந்தக் கதைக்குரிய சொல் அது இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதையில் மனிதர் கல்லாவதற்கு ஜப்பானிய மூலத்தில் பெயர் 'செக்கிக்கா'. கல்லுக்கு ஓர் எழுத்து, மாறுதலுக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'பெட்ரிஃபிகேஷன்': பாறை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல் 'பெட்ரா'வோடு, 'ஆக்கு' என்னும் லத்தீன் வினை சேர்ந்தது. பெட்ரோலிலும் பேதுரு என்ற பெயரிலும் இருப்பது அதே பெட்ராதான். 'ஃபாசில்' வேறு குடும்பம். தோண்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. முதலில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த கனிமங்களையும் அந்தப் பெயரால் சொன்னார்கள். அந்த ஃபாசிலுக்குத்தான் தமிழில் புதைபடிவம் என்கிறோம்.

ஜப்பானிய மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. செக்கிக்காவின் இரண்டு எழுத்துகளையும் முன்பின்னாக மாற்றினால் 'கசெக்கி', அதாவது ஃபாசில். அங்கே தடுமாறினாலும் புரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் வழியாகப் படிக்கும் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஓர் உடல் புதைபடிவம் ஆக வேண்டுமென்றால் முதலில் உயிர் போக வேண்டும். பெரும்பாலும் மண்ணோ சேறோ எரிமலைச் சாம்பலோ மூட வேண்டும். இந்தக் கதையில் மனிதர்கள் நின்றது நின்றபடி, ஓடியது ஓடியபடி வெட்டவெளியில் கல்லாகிறார்கள். சாகவும் இல்லை. கதாநாயகன் சென்கூ கல்லுக்குள் இருந்துகொண்டே ஒவ்வொரு நொடியாக எண்ணுகிறான். 3,700 ஆண்டுகளுக்கும் மேல் எண்ணி, 5738 ஏப்ரல் 1 அன்று விழிக்கிறான். நினைவு அறுந்துவிடாமல் காத்த அந்த எண்ணிக்கையில்தான் கதையே நிற்கிறது. அவனைப் போய்ப் புதைபடிவம் என்றால், முதல் தொகுதியின் உயிரான செய்தி முதல் வரியிலேயே செத்துவிடுகிறது.

"திருவக்கரையில் இருக்கும் கல்மரமும் புதைபடிவம்தானே?" என்று கேட்பார்கள். ஆம். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் அடிமரமும் அப்படித்தான். மண்ணில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறி, நீரில் கரைந்திருந்த சிலிக்கா செல் செல்லாகப் படிந்து, மரம் கல்லானது. அது கல்லும் ஆயிற்று, புதைபடிவமும் ஆயிற்று. ஆனால் மரப்பிசினில் சிக்கி அம்பருக்குள் இருக்கும் பூச்சி புதைபடிவம், கல் ஆகவில்லை. பழைய சேற்றில் பதிந்த காலடித் தடம்கூடப் புதைபடிவம்தான், அங்கே உடலே இல்லை. இரண்டு சொல்லும் சில இடங்களில் சந்திக்கும், ஒன்றல்ல. இன்னொன்று: கல்மரத்தை எந்தக் கரைசலில் ஊறவைத்தாலும் அது துளிர்க்காது. சென்கூ வௌவால் குகையிலிருந்து நைட்ரிக் அமிலம் பிடித்து, திராட்சையைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்த சாராயத்தோடு கலந்து ஊற்றியதும் கல்லானவர்கள் எழுந்துவிடுகிறார்கள். நைட்டால் என்ற அந்தக் கலவை, உலோக ஆய்வகங்களில் எஃகின் மேற்பரப்பை அரித்துப் பார்க்க உண்மையிலேயே பயன்படுவது.

புதைபடிவத்தை விட்டவர்கள் சிலை என்பதில் போய் விழுகிறார்கள். 'சிலையாய்ச் சமைந்து நின்றாள்' என்பது நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் சென்கூவை எதிர்க்கும் ட்சுகாசா, கல்லாகி நிற்கும் பெரியவர்களை அடித்து நொறுக்கும் இடம் வருகிறதே, அங்கே 'சிலையை உடைத்தான்' என்று எழுதினால் யாரோ பொருளைச் சேதப்படுத்தினான் என்றுதான் படும். அவன் செய்வது கொலை. 'கல்லான மனிதரை உடைத்தான்' என்று எழுதிப் பாருங்கள், நெஞ்சில் படும்.

கல்மயமாதல் என்றும் ஒரு சொல்லைக் கேட்கிறேன். மயம் என்பது எங்கும் நிறைந்திருத்தல். நகரமயம், உலகமயம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறவை. ஒரு நொடியில் ஓர் ஆளுக்கு நேர்வதை மயம் என்று எப்படிச் சொல்வது? தமிழ்ச் சொல் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது வடமொழி ஒட்டு எதற்கு என்பதும் என் கேள்விதான்.

அந்தச் சொல் கல்லாதல். அகலிகை கல்லானாள் என்றுதானே காலங்காலமாகச் சொல்கிறோம்? அவள் புதைபடிவமானாள் என்று எந்தப் பாட்டியும் கதை சொன்னதில்லை. கல்லாக்கம் என்றும் சொல்லலாம். ஆனால் ஆக்கம் என்றால் ஆக்கியவர் ஒருவர் வேண்டும். முதல் தொகுதியில் அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, ஆதல் என்பதே பொருத்தம். ஒரு சிக்கலை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: 'கல்லாதவர்' என்றால் படிக்காதவர். அதனால் வினையாக வரும்போது கல்லானார், கல்லானவர், கல்லாகிக் கிடந்தார் என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். அறிவியல் என்றவுடன் பாடநூல் கலைச்சொல் ஒன்றைத் தேடி ஓடுகிறார்கள். 'கல்லாதல்' வீட்டுச் சொல்லாகத் தெரிகிறதாம், அறிவியல் வாசனை போதவில்லையாம். ஜப்பானியப் பிள்ளைகள் 2017 முதல் 2022 வரை வார இதழில் இந்தக் கதையைப் படித்தது கல், மாறுதல் என்ற இரண்டு எளிய எழுத்துகளில்தானே?

அப்புறம், திரும்பி எழுவதை 'உயிர்த்தெழுதல்' என்றும் எழுதாதீர்கள். அது செத்தவர்களுக்கு உரியது. கதையில் மேலே இருக்கும் கல் விரிசல் விட்டு, ஓடு ஓடாகக் கழன்று விழுகிறது. பாம்பு சட்டை உரிப்பதற்கு நம்மிடம் வினை இருக்கிறது. 'கல் உரிந்து எழுந்தான்' என்று எழுதுங்கள்.