ஈவ் டீசிங்: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

பொது இடத்தில் ஒரு பெண்ணை, அவள் விரும்பாதபோது, பார்வையாலோ பேச்சாலோ சைகையாலோ தொட்டோ பாலியல் நோக்கோடு தொல்லைப்படுத்துவதற்கு நம் நாட்டு ஆங்கிலம் வைத்த பெயர் ஈவ் டீசிங். லண்டனில் போய்ச் சொன்னால் புரியாது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் பெரிதும் புழங்கும் சொல் இது. 1960-களில் நாளிதழ்கள் வழியாகப் பரவி, கல்லூரி வளாகம், காவல் நிலையம், நீதிமன்றம் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி பேருந்து நிலையத்திலும் ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட 'ஈவ் டீசிங் கேஸ்' என்று சரளமாகச் சொல்கிறார்கள்.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ஈவ் என்பவள் விவிலியம் சொல்லும் முதல் பெண். நம்மூர்க் கிறிஸ்தவர்களுக்கு ஏவாள், இஸ்லாமியர்களுக்கு ஹவ்வா. எபிரேய மொழியில் அந்தப் பெயர் உயிரோடு தொடர்புடையது. உயிருள்ளோர்க்கெல்லாம் தாய் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர் என்று ஆதியாகமம் சொல்கிறது. ஆனால் உலக வழக்கில் ஏவாள் என்றதும் தாயா நினைவுக்கு வருகிறாள்? விலக்கப்பட்ட கனியைத் தின்று, ஆணுக்கும் கொடுத்து, அவனைக் கெடுத்தவள் என்பதுதான் முந்திக்கொண்டு வருகிறது. எனவே தொல்லைக்கு ஆளானவளுக்கு ஏவாள் என்று பெயர் சூட்டும்போதே, தூண்டியவள் அவள்தான் என்ற பழியும் சேர்ந்து ஏறிவிடுகிறது. "அந்த நேரத்துல அங்க எதுக்குப் போன?" என்று வீட்டில் கேட்கும் கேள்வியின் வேர் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அடுத்த பாதி, டீஸ். பழைய ஆங்கிலத்தில் கம்பளி இழைகளைப் பிய்த்துச் சிக்கெடுப்பதைக் குறித்த வினை. பிறகு ஒருவரை விளையாட்டாக வம்புக்கு இழுப்பது என்று பொருள் நகர்ந்தது. விளையாட்டு என்ற அந்தப் பொருள்தான் இங்கே ஆபத்து. இடுப்பில் கை வைத்தவனும், வீட்டு வாசல் வரை பின்தொடர்ந்தவனும் இந்தச் சொல்லுக்குள் நுழைந்ததும் குறும்புக்காரப் பையன்களாகிவிடுகிறார்கள்.

இதைத் தமிழாக்க முயன்றவர்கள் பெரும்பாலும் அந்த விளையாட்டையும் சேர்த்தே தமிழாக்கினார்கள். 'பெண்களைக் கேலி செய்தல்' என்று நெடுங்காலமாக எழுதிவருகிறோம். கேலி, வடமொழியில் விளையாட்டு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கிண்டல், கிண்டு என்ற வினையடியிலிருந்து வந்தது. அடியைத் துழாவிக் கிளறுவது. இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் அவற்றுக்கென்று ஓர் இடம் உண்டு. அத்தை மகனும் மாமன் மகளும் கேலி பேசுவார்கள், கொழுந்தன் அண்ணியைக் கிண்டல் செய்வான், மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்ளும் முறையுள்ளவர்கள் ஊற்றிக்கொள்வார்கள். நம் பக்கத்தில் "கேலி பேசுற முறை" என்றே ஒரு வழக்கு இருக்கிறது. யார் யாரைக் கேலி பேசலாம், எதுவரை பேசலாம் என்பதை உறவு தீர்மானிக்கும். பதிலுக்கு அவளும் பேசுவாள், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பைக்கை மெதுவாக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அவளோடு என்ன முறை? உறவும் இல்லை, உரிமையும் இல்லை, அவள் பதில் பேசவும் வழியில்லை. அதைக் கேலி என்று எழுதுவது, கேலி என்ற சொல்லுக்கே செய்யும் அநியாயம்.

'சில்மிஷம்' என்று நாளிதழ்கள் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். படிக்கிறவன் உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைக்கிற சொல் அது. பத்து வயதுக் குழந்தைக்கு நடந்ததைக்கூட அந்தத் தலைப்பில் போட்டிருக்கிறார்கள்.

'சீண்டல்' இவற்றைவிடப் பரவாயில்லை. சீண்டுதல் என்றால் தொடுதல், தொட்டு எரிச்சலூட்டுதல். பாம்பைச் சீண்டாதே என்கிறோம். விரும்பாத தொடுகை என்ற பொருள் அதில் இருக்கிறது. பெண் சீண்டல், பாலியல் சீண்டல் என்று இன்று பலர் எழுதுவது இதனால்தான். ஆனாலும் "சும்மா சீண்டிப் பார்த்தேன்" என்று அண்ணன் தங்கையிடம் சொல்கிற அதே சொல் என்பதால், அங்கேயும் ஒரு செல்லம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மறுபக்கம், 'மானபங்கம்' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். பங்கம் என்றால் குறை, உடைவு. பஸ்ஸில் ஒருவன் தப்பாக நடந்துகொண்டால் உடைவது அவன் மானமா, இவள் மானமா? மானம் போனவள் அவள்தான் என்று அந்தச் சொல் தீர்ப்பே எழுதிவிடுகிறது. 'வன்கொடுமை' வேறு வகைச் சிக்கல். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிணைந்த சொல் அது. 'பாலியல் வன்கொடுமை' என்றால் இன்று வல்லுறவு என்றே படிக்கிறவர்கள் புரிந்துகொள்கிறார்கள். விசிலடித்தவனுக்கும் அதே சொல்லைப் போட்டால், உண்மையிலேயே பெரிய கொடுமை நடந்தபோது சொல்லச் சொல் மிஞ்சாது.

எனக்குச் சரியாகப் படுவது 'பாலியல் துன்புறுத்தல்'. துன்புறு என்பது தன்வினை, துன்பத்தை அடைவது. துன்புறுத்து என்பது பிறவினை, இன்னொருவரைத் துன்பம் அடையச் செய்வது. பிறவினை என்றாலே செய்தவன் ஒருவன் வந்தாக வேண்டும். 'யார் துன்புறுத்தியது?' என்ற கேள்வி தானாக எழும். அவன் விளையாட்டாகச் செய்தானா, வேண்டுமென்று செய்தானா என்ற பேச்சு பின்னுக்குப் போய், அவள் பட்ட துன்பம் அளவுகோலாகிறது. பேச்சில் இது நீளமாகப்பட்டால் 'பாலியல் தொல்லை' போதும், எல்லோருக்கும் புரியும். தெரு, பஸ், சந்தை என்று இடத்தையும் சேர்க்க வேண்டுமானால் 'பொதுவிடப் பாலியல் தொல்லை' எனலாம்.

புதுச்சேரியில் இருப்பதால் பிரெஞ்சுக்காரர்களின் சொல்லையும் கேட்கிறோம். அவர்கள் இதை 'தெருத் துன்புறுத்தல்' என்றே பொருள்படச் சொல்கிறார்கள். ஏவாளும் இல்லை, விளையாட்டும் இல்லை. 2018-இல் பிரான்ஸ் இதற்கென்று தனிக் குற்றம் ஒன்றையும் சட்டத்தில் சேர்த்தது.

நம் சட்டத்தின் பெயரும் மாறிய கதை உண்டு. 1998 ஜூலையில் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்கள் செய்த அட்டகாசத்தால் கீழே விழுந்து உயிரிழந்தார். தமிழ்நாடே கொதித்தது. அந்த ஆண்டிலேயே முதலில் அவசரச் சட்டமாகவும், பிறகு சட்டமாகவும் வந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த செயலுக்கு அந்தப் பெயர்! பிற்பாடு ஒரு திருத்தத்தில் அதை நீக்கி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினார்கள். 2025 தொடக்கத்தில் தண்டனைகளும் கூட்டப்பட்டன. பேருந்துக்குள் தொல்லை நடந்து அந்தப் பெண் முறையிட்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வது பலருக்குத் தெரியாது.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினம் போய்வரும் பெண்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வரும். அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கானது. ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறும், நெருக்கடி கூடும். எல்லைக்கு இந்தப் பக்கம் உரச ஆரம்பித்தவன் அந்தப் பக்கமும் உரசிக்கொண்டே வருவான். எந்த ஊர்ப் போலீஸில் சொல்வது?

எந்த ஊரிலும் சொல்லலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா முள்ளோடைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று அதோடு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. இத்தகைய புகாரைப் பெண் காவலரோ பெண் அதிகாரியோதான் பதிவு செய்ய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். பேருந்தைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் கடமையை, உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 30 அன்று தந்த தீர்ப்பில் யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து நாடு முழுவதற்கும் ஆக்கியது. செய்யத் தவறினால் வண்டியின் பெர்மிட்டையே ரத்து செய்யலாம். அந்த வழக்கு தொடங்கியதும் ஒரு பேருந்து நிலையத்தில்தான், தென்காசியில். குடித்துவிட்டுத் தொல்லை கொடுத்தவர் ஒரு காவலர்.

பாரதிய நியாய சன்ஹிதாவில் 'ஈவ் டீசிங்' என்று ஒரு குற்றமே கிடையாது. அது செயல்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. மானத்தைக் குலைக்கும் எண்ணத்தோடு பெண்ணைத் தாக்குவதும் பலவந்தப்படுத்துவதும் 74-ஆம் பிரிவு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. விரும்பத்தகாத தொடுகையும் ஆபாசப் பேச்சும் 75. வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வது 78; முதல் முறைக்கே மூன்றாண்டு வரை. இழிவுபடுத்தும் சொல், ஒலி, சைகை 79. இதற்கும் மூன்றாண்டு வரை. மானம் என்ற கருத்து 74-லும் 79-லும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

சட்டம் வினைகளைக் கேட்கிறது, நம் பெண்களிடம் வினைகள் ஏராளமாக இருக்கின்றன என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், மாசிமகக் கூட்டத்தில் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். "உரசுறான்", "இடிக்கிறான்", "கிள்ளிட்டுப் போயிட்டான்", "பின்னாடியே வர்றான்", "வழிய மறிக்கிறான்", "கண்டபடி கமெண்ட் அடிக்கிறான்". ஒவ்வொன்றும் வேறு வேறு செயல், ஒவ்வொன்றிலும் 'ஆன்' விகுதியோடு செய்தவன் நிற்கிறான். புடவை முந்தானையில் ஊக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்து நிற்கிற அக்காவுக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். காவல் நிலையப் படியேறியதும்தான் அந்தச் சொற்களை எல்லாம் விட்டுவிட்டு, "சார், ஈவ் டீசிங் பண்ணிட்டாங்க" என்கிறார். எழுதுகிறவரும் அப்படியே எழுதிக்கொண்டு, "எச்சரிச்சு அனுப்பிடுறோம்மா" என்று முடித்துவிடுகிறார்.

கல்லூரிப் பெண்கள் புகார் எழுத உதவி கேட்டு வரும்போது அந்தச் சொல்லை நான் முதலில் அடித்துவிடச் சொல்வேன். 'தவளக்குப்பம் நிறுத்தம் தாண்டியதும், எனக்குப் பின்னால் நின்றிருந்த நீலச்சட்டைக்காரர் என் இடுப்பில் கை வைத்தார். தட்டிவிட்டேன். மறுபடியும் வைத்தார். கத்தினேன். நடத்துநரிடம் வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொன்னேன், விடவில்லை. பஸ் எண் இது.' இவ்வளவும் எழுதி, நாள், நேரம், பக்கத்தில் இருந்தவர் சாட்சி சொல்லச் சம்மதித்தாரா என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசியிருந்தால், பேசிய நேரமும் போனில் பதிவாகி இருக்கும். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.