புரதம்: விரதம் அல்ல

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருக்கும் மாமி எடை குறைக்க ‘ஸ்லீவ்’ ஒப்பரேசன் செய்துகொண்டு மூன்று மாதம் இருக்கும். கிளினிக்கில் கொடுத்த தாளோடு ஒருநாள் மேலே வந்தார். போட்டோகொப்பி மங்கல், கண்ணாடியும் கையில் இல்லை.

“தம்பி, விரதக் குறைபாடு எண்டு போட்டிருக்கினம். நான் சஷ்டி ஒழுங்காப் பிடிக்கிறனான். அதிலை என்ன குறை கண்டவை?”

தாளில் இருந்தது ‘புரதக் குறைபாடு’. சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவரில் பிழை இல்லை. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவைத்தபின் ‘புரதம்’ என்ற சொல்லை யார் வாயால் சொல்கிறோம்? சந்தையில் பருப்பு உண்டு, பாரை மீன் உண்டு. புரதம் என்று எதையும் நிறுத்துத் தருவதில்லை.

சொல்லின் மூலம் கிரேக்கம். 1838இல் ஒல்லாந்து வேதியியலாளர் முல்டர், முட்டையிலும் இரத்தத்திலும் பாலிலும் ஒரே வகைப் பொருள் இருப்பதாகக் கருதி ஆராய்ந்துகொண்டிருந்தார். சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் அதற்கு ‘புரோட்டீன்’ என்று பெயர் வைக்கும்படி அவருக்குக் கடிதம் எழுதினார். ‘புரோத்தெயோஸ்’ என்றால் முதலிடத்தில் இருப்பது. ஜேர்மன்காரரும் ஒல்லாந்தரும் அன்றாடப் பேச்சில் முட்டையின் வெள்ளை என்றே இதைச் சொல்வார்கள். சீனச் சொல்லிலும் முட்டை வெள்ளை ஒளிந்திருக்கிறது. அந்தச் சொற்களைக் கேட்டால் கண்முன் ஒரு சாப்பாடு வரும். நமக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

தமிழ்ப் ‘புரதம்’ அந்த ஐரோப்பியச் சொல்லின் ஒலியைத் தழுவி, ‘அம்’ விகுதி பெற்று வந்தது என்றே கொள்கிறேன். அதே ஒலியில் நம்மிடம் ‘புரத்தல்’ என்ற பழஞ்சொல் உண்டு: காத்தல், பேணல். புரவலர் அதில் பிறந்தவர். உடலைப் புரப்பது புரதம் என்று சொல்லிப் பார்க்க ஆசைதான். ஆனால் அது தற்செயல் பொருத்தம், வேர் அல்ல. எப்படியானாலும் சொல் தமிழில் ஊறிவிட்டது. மாற்றத் தேவையில்லை. விளங்காதவருக்கு ‘புரதச்சத்து’ என்றால் பாதி விளங்கும்.

‘குறைபாடு’ பற்றி ஒரு சொல். ‘பற்றாக்குறை’ என்றால் வரவு போதாது. ‘குறைபாடு’ என்றால் அதனால் உடலில் வந்த கேடு. இலங்கையில் நாம் எழுதும் ‘மந்தபோசணை’ (ஊட்டச்சத்துக் கோளாறு) இன்னும் அகலமானது. அந்தப் போசணைதான் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவின் பெயரிலும் இருக்கிறது. அந்த மாவின் நினைவாலோ என்னவோ, மந்தபோசணை என்றால் மெலிந்த பிள்ளை மட்டும் மனதில் வருகிறது. பருத்த உடம்புக்கும் அது வரும் என்றால் மாமி நம்பமாட்டார்.

வரும் வழி இதுதான். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். நாலு வாயோடு வயிறு நிரம்பும். பலருக்கு இறைச்சி ஒத்துக்கொள்ளாது. எடை குறைக்கும் இன்னொரு ஒப்பரேசனான பைபாஸ் முறையில் குடலின் ஒரு பகுதியும் ஒதுக்கப்படுவதால் உறிஞ்சலும் குறையும். நாளுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது வழமையான அறிவுரை. ஒரு முட்டையில் கிடைப்பதோ 6 கிராம்தான். மாமி சாப்பிட்டதெல்லாம் சவ்வரிசிக் கஞ்சி, இடியப்பம், சொதி. தசை கரைகிறது, களைக்கிறது, முடி கொட்டுகிறது (வேகமாக மெலிந்தாலும் முடி கொட்டும்). கடுமையானால் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்கிக் கால் வீங்கும். அல்புமின் என்ற பெயரும் இலத்தீனில் முட்டை வெள்ளைதான்!

தாளில் இன்னொரு வரி இருந்தது: ‘புரதத்தை முதலில் உண்ணவும்’. வயிற்றில் இடம் கொஞ்சம், அதனால் முதல் வாய்கள் அதற்கு. பெர்சீலியஸ் வைத்த ‘முதலிடம்’ இப்படிக் கோப்பைக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

பேனையால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘பருப்பு, மீன், முட்டை. சோத்துக்கு முதல்.’

மாமி வாசித்துப் பார்த்தார். “அப்ப சஷ்டிக்கு?”

“அதை டொக்டரிட்டைக் கேளுங்கோ மாமி.”