ஸ்டீவ் இர்வினைக் கொன்றது திருக்கையின் விஷமா?

2006 செப்டம்பர் 4. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், போர்ட் டக்ளஸை ஒட்டிய பாட் ரீஃப் பவளத்திட்டில் படப்பிடிப்பு நடத்திக்கொண்டிருந்த ஸ்டீவ் இர்வின் நெஞ்சில் திருக்கை முள் பாய்ந்து இறந்தார். வயது 44. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் முதலையோடும் பாம்போடும் மல்லுக்கட்டிக் காட்டியவர். இங்கும் கேபிளில் அனிமல் பிளானட் பார்த்தவர்களுக்குக் காக்கி அரைக்கால் சட்டையும் அந்தக் கூச்சலும் நன்றாகத் தெரியும்.

பீர்வாவில் அவர் நடத்திவந்த உயிரியல் பூங்காவின் வாசலில் பூக்கள் குவிந்தன. அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தபோது குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் 20 அன்று பூங்காவின் அரங்கிலேயே நினைவுக்கூட்டம் நடந்தது. "விலங்கைச் சீண்டினார், வாங்கிக்கொண்டார்" என்று எழுதியவர்களும் உண்டு. எல்லாவற்றையும் விட விசித்திரமானது இன்னொன்று. அவர் இறந்த ஓரிரு வாரத்துக்குள் குயின்ஸ்லாந்து கரைகளில் குறைந்தது பத்துத் திருக்கைகள் செத்துக் கிடந்தன. சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. ரசிகர்கள் பழிதீர்த்துக்கொண்டார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. இர்வின் தொடங்கிய வனவிலங்கு அமைப்பே, அப்படி யாராவது செய்திருந்தால் அதை ஏற்க முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

முகம் பார்த்துப் பழகாத ஒருவருக்காக ஏன் இவ்வளவு துக்கம்? டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள். கேமராவைப் பார்த்து நேராக நம்மிடம் பேசுகிறவரோடு நமக்கு ஒருதலையான உறவு ஏற்பட்டுவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவர் வீட்டு மனிதர். திடீரென்று அவர் போய்விட்டால் துக்கம் மெய்யாகவே வருகிறது. விபத்து என்ற பதில் அந்தத் துக்கத்துக்குப் போதுவதில்லை, குற்றவாளி ஒருவர் தேவைப்படுகிறார். நம்மூரில் ஒருவரை நல்ல பாம்பு கடித்துவிட்டால் மறுநாள் வயலில் கண்ணில் பட்ட சாரைப்பாம்பை அடித்துப் போடுகிற அதே வேகம்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மனத்தில் சட்டென்று தோன்றும் சம்பவத்தை அடிக்கடி நடப்பதாக மதிப்பிடுவது மனித இயல்பு. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1973-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். திருக்கை குத்தி ஆள் சாவது மிக அரிது. ஆனால் உலகமே அறிந்த ஒருவர் அப்படிச் செத்ததால், திருக்கை என்றாலே கொலைகார மீன் என்ற படம் பதிந்துவிட்டது. கூடவே "கொடிய விஷம்" என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை நெல்லைச் சீமையின் கடற்கரையில் திருக்கை அன்றாடம் வலையில் ஏறும் மீன். அதைக் கையாள்கிறவர்களுக்கு முள் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்திருப்பது உயிர்காக்கும் விஷயம்.

திருக்கையின் முள் எலும்பு இல்லை. சுறாவின் தோலைச் சொரசொரப்பாக்கும் செதில் பல் வடிவத்தில் இருக்குமே, அதுவே நீண்டு கூராகிப் பல்லின் பொருளாலேயே ஆனதுதான் இந்த முள். நடுத்தர மீனில் விரல் நீளம். பெரிய இனங்களில் 30 செ.மீ. தாண்டும். இரு ஓரங்களிலும் அரம் போன்ற பற்கள், அவை வாலின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்ந்தவை. அதனால் முள் உள்ளே எளிதாக இறங்கும், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அடிப்பக்கத்தில் இரண்டு நீளப் பள்ளங்கள் ஓடுகின்றன. விஷம் சுரக்கும் திசு அவற்றில் படுத்திருக்கிறது. முள் முழுவதையும் மெல்லிய தோலுறை மூடியிருக்கும்.

பாம்பின் பல் ஊசி போல விஷத்தை உள்ளே செலுத்தும். திருக்கை முள்ளில் அந்த ஏற்பாடே கிடையாது. குத்தும் வேகத்தில் உறை கிழிகிறது, பள்ளத்துத் திசு நசுங்குகிறது, விஷம் காயத்தில் பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். உறைத் துண்டுகள் காயத்துக்குள்ளேயே தங்கிவிட்டால் வலி நீடிக்கும். ஏற்கெனவே உறை கிழிந்து தேய்ந்துபோன முள்ளாக இருந்தால் வெறும் கத்திக்குத்து போல ஆகும். ஒரே ஊரில் ஒருவர் இரவெல்லாம் அலறுவதும் இன்னொருவர் மறுநாளே கடலுக்குப் போவதும் இதனால்தான்.

முள்ளுக்கென்று தனித் தசை இல்லை, குத்துவது வால். மணலுக்குள் புதைந்து, கண்ணும் அதன் பின்னால் மூச்சுத்துளையும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும் மீனின் முதுகை மிதித்தால், வால் தேளின் கொடுக்கு போல முன்னோக்கி வளைந்து அடிக்கும். வேட்டையாட முள் பயன்படுவதில்லை. இரை நண்டும் சிப்பியும் அடிவயிற்றுப் பக்க வாய்க்கு வந்துவிடும். முள், கொம்பன் சுறா போன்ற எதிரிக்கானது. ஆனைத் திருக்கைக்குப் பெரும்பாலும் குத்தும் முள்ளே கிடையாது, உருவத்தைப் பார்த்துப் பயப்படுவதோடு சரி.

இர்வின் விஷயத்துக்கு வருவோம். அன்று வானிலை மோசமானதால் திட்டமிட்ட படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, மகளின் நிகழ்ச்சிக்காக ஆழமில்லாத தண்ணீரில் ஒரு பெரிய திருக்கையைப் படம்பிடித்தார்கள். அவர் பின்னாலிருந்து நெருங்க, அது திரும்பி மீண்டும் மீண்டும் அடித்தது என்று கூட இருந்த கேமராமேன் 2014-ல் சொன்னார். மேலே கவிந்த பெரிய நிழல் வேட்டைச் சுறாவாகத் தெரிந்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு. முள் விலாவுக்குள் புகுந்து இதயத்தைத் துளைத்தது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை எளிதில் விரியாது. அதற்குள் 150 மி.லி. அளவு ரத்தம் சட்டென்று தேங்கினாலே இதயம் விரிந்து நிரம்ப இடமில்லாமல் நின்றுவிடக்கூடும். ரத்தம் வெளியே கொட்டினாலும் அதே முடிவுதான். இங்கே விஷத்துக்குப் பெரிய வேலை இல்லை. அதே இடத்தில் கத்தி பாய்ந்திருந்தாலும் பிழைப்பது கடினம்.

விஷத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குயின்ஸ்லாந்தில் நெஞ்சில் குத்துப்பட்ட 12 வயதுச் சிறுவன் முதலில் தேறி, ஆறாம் நாள் இறந்தான். விஷம் பட்ட இதயத் தசை மெல்ல அழுகி ஓட்டை விழுந்ததே காரணம். ஆகவே நெஞ்சில் குத்துப்பட்டவர் "இப்ப பரவாயில்ல" என்று எழுந்து நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இர்வின் இறந்த மறுமாதமே ப்ளோரிடாவில் ஒரு முதியவரின் இதயத்தில் திருக்கை முள் ஏறியது. முள் உடலுக்குள் இருந்தபடியே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். குத்தி நிற்கும் முள்தான் சில நேரம் அந்த ஓட்டைக்கு அடைப்பு. நெஞ்சு, வயிறு, கழுத்து, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் முள் நின்றால் பிடுங்கவே கூடாது. சுற்றிலும் துணியைச் சுருட்டி வைத்து ஆடாமல் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். வெந்நீர் வைக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தக் கூடாது.

நம் கரையில் நடப்பது பெரும்பாலும் கை கால் காயம். படகைத் தள்ளும்போது கணுக்காலில், வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கையில். ஆழமில்லாத மணல் தரையில் நடப்பவர் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே போனால் போதும். அதிர்வு தெரிந்ததும் திருக்கை நகர்ந்துவிடும். படகில் பலர் செய்யும் தவறு, வால்நுனியையே கவனிப்பது. முள் நுனியில் இருக்காது. வாலின் முன்பாதியில் இருக்கும், சில இனங்களில் உடலை ஒட்டியே இருக்கும். முதலில் துடுப்பாலோ பலகையாலோ வாலை அமுக்கிக்கொண்டு, பிறகு குறடால் முள்ளை அடியோடு ஒடிக்க வேண்டும். ஒடித்ததும் இன்னொரு முறை தடவாமல் கண்ணால் பாருங்கள். பழைய முள் விழுமுன்பே புதியது பக்கத்தில் முளைத்திருக்கும், ஒரே வாலில் இரண்டு முள் சாதாரணம். மீன் செத்த பிறகும் முள்ளில் விஷம் இருக்கும். ஒடித்ததைக் கரை மணலில் வீசுவது, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு வைக்கிற பொறி.

"திருக்கை அடிச்சிட்டு" என்று குரல் கேட்டதும் செய்ய வேண்டியது, ஆளை முதலில் தண்ணீரிலிருந்து வெளியேற்றுவது. வலியில் மயங்கி முழங்கால் தண்ணீரில் மூழ்க வாய்ப்பு உண்டு. ரத்தம் வந்தால் துணியால் அழுத்திப் பிடிக்கவும். கயிறு கட்டுவது, கீறி விடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, சுண்ணாம்பு அப்புவது எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரால் கழுவி, மேலாகத் தெரியும் தோல் துணுக்குகளை மட்டும் எடுத்துவிட்டு, வெந்நீரில் காலை வைக்க வேண்டும். சூடு 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

வெப்பமானி இல்லாவிட்டால் கணக்கு எளிது. நம்மூர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரி. எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரோடு இரண்டு லிட்டர் கொதிநீர் சேர்த்தால் 44 டிகிரி வரும். வாளி கொஞ்சம் குடித்துக்கொள்ளும். காயம்படாத கையால், முடிந்தால் வேறொருவர் கையால், சூட்டைப் பாருங்கள். வலியில் மரத்துப்போன கால் வெந்தாலும் தெரியாது, வந்த நோயாளிக்கு இரண்டாவது காயமாகக் கொப்புளம் சேரும். ஆறி 40 டிகிரிக்கு இறங்கினால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொதிநீர் ஊற்றினால் பழைய சூடு வரும். காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் தொடரலாம். குத்திய பிறகு வலி அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டு நாள் வரை இழுக்கவும் செய்யும்.

வெந்நீர் ஏன் கேட்கிறது? விஷம் புரதம், சூட்டில் சிதையும் என்பது வழக்கமான பதில். ஆழத்தில் இருக்கும் விஷத்துக்கு அந்தச் சூடு எட்டுமா என்பது வேறு கேள்வி. வலியைக் கொண்டுபோகும் நரம்பை வெப்பம் அடக்குவதும் ஒரு பங்கு. எப்படியிருந்தாலும் வெந்நீர் வலியைத்தான் குறைக்கும். உள்ளே ஒடிந்த முள்ளும் கடல்நீரோடு வந்த கிருமியும் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே வலி நின்றதும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். இடிந்தகரை, கூத்தங்குழிப் பக்கத்தவருக்கு நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனை கிட்டத்தில். மற்றவர்கள் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வருவார்கள். முள் துண்டு எக்ஸ்ரேயில் தெரியும், தோலுறைத் துணுக்கு தெரியாது. அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் மருத்துவர் காயத்தைத் திறந்து கழுவ வாய்ப்பு உண்டு. டெட்டனஸ் ஊசி போட வேண்டும், ஆழமான காயத்துக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். குத்தியது கடல் மீன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடல்நீரில் வரும் கிருமிக்குக் கொடுக்கும் மருந்து வேறு. காயத்தை உடனே தைத்து மூடாமல் சில நாள் திறந்தே விட்டால், "கவனிக்காம விட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். சீழ் உள்ளே அடைபடாமல் இருக்கத்தான் அப்படி விடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வாரம் கடந்தும் வீக்கம் வடியாதவர்கள் இரண்டாம் முறை போய்க் காட்ட வேண்டும். பல நேரம் அப்போதுதான் உள்ளே தங்கிய துண்டு அகப்படுகிறது.