நிரப்பு படிவம்: சொல் விளக்கம்

நிரப்பு படிவம் (பெயர்ச்சொல், வினைத்தொகை): சில வாசகங்களை நிலையாக வைத்து, மற்றவர் எழுதுவதற்கென்று சில இடங்களை ஒழித்து வைத்த ஆவணம். குறிப்பாக, சொற்செயலியில் (மைக்ரோசாஃப்ட் வேர்டு போன்ற எழுதும் மென்பொருளில்) உருவாக்கித் திரையிலேயே நிரப்பி அனுப்பத்தக்கது. பேச்சில் ஃபார்ம், ஃபாரம்.

‘ஃபார்ம்’ என்பதன் மூலம் லத்தீன் மொழியின் ‘ஃபோர்மா’. வடிவம், வார்ப்பு அச்சு என்று பொருள். அதன் சிறுமைப் பெயர்தான் ‘ஃபார்முலா’. கணிதத்துக்கு வருமுன் அது சட்டச் சொல். பழைய ரோமில் வழக்கின் சாரத்தை ஒரு வரையறுத்த வாசகத்தில் எழுதி நீதிபதிக்கு அனுப்புவார்கள். அந்த வாசகத்தின் பெயர் ஃபார்முலா. மாதிரி வாசகங்களில் வாதியின் பெயர் ஆலுஸ் அகேரியுஸ், பிரதிவாதியின் பெயர் நுமேரியுஸ் நெகிடியுஸ். அப்படி யாரும் கிடையாது. உண்மையான பெயர் வந்து உட்காரும்வரை இடம் பிடித்து வைக்கும் பொய்ப் பெயர்கள் அவை. இன்று நிரப்ப வேண்டிய கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் தெரிகிற குறிப்பு எழுத்துக்கு இவர்களே முன்னோர். அச்சகத்தில் ஒரு தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களைப் ‘பாரம்’ என்கிறோமே, அதுவும் இந்த ஃபோர்மாவின் வழிவந்ததுதான்.

தமிழில் ‘படிவம்’ பழைய சொல். ‘படி’ என்பதற்குத் தன்மை, ஒப்பு, நகல் என்ற பொருள்கள் உண்டு. படிமம், படிமை ஆகியவற்றையும் அதனோடு உறவாகச் சொல்வதுண்டு. குறுந்தொகை 156ஆம் பாட்டில் ‘படிவ உண்டிப் பார்ப்பன மகனே’ என்று வருகிறது. அங்கே படிவம் என்றால் நோன்பு. தொல்காப்பியப் பாயிரத்தின் ‘படிமையோன்’ தவக்கோலம் கொண்டவன். விதித்த ஒழுங்கு, அதற்கேற்ற தோற்றம் என்ற இரண்டும் அந்தச் சொல்லில் அன்றே இருந்திருக்கின்றன. பழைய அலுவலகத் தமிழில் பாரசீகத்திலிருந்து வந்த ‘நமூனா’வும் புழங்கியது, இப்போது மங்கிவிட்டது. ‘விண்ணப்பம்’ இதற்கு ஈடாகாது. அது வேண்டுகோள். விண்ணப்பத்துக்கும் படிவம் இருக்கலாம், கருத்துக் கணிப்புக்கும் இருக்கலாம்.

இனி ‘நிரப்பு’. ‘நிரப்பு படிவம்’ என்று ஒற்று மிகாமல் எழுத வேண்டும். வினைத்தொகை என்பதால் நிரப்பிய, நிரப்புகிற, நிரப்பும் படிவம் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். வெற்றுப் படிவமும் நிரப்பி வந்த படிவமும் ஒரே கோப்பின் இரு நிலைகள் என்பதால் இந்தப் பொருத்தம் எனக்குப் பிடிக்கிறது. ‘நிரப்பக்கூடிய படிவம்’ நீளம். ‘நிரப்புப் படிவம்’ என்று ப் போட்டால்தான் வம்பு. நிரப்பு பெயர்ச்சொல்லாகிவிடும், பெயர்ச்சொல்லாக அதற்குப் பழந்தமிழில் வறுமை என்று பொருள். ‘கொன்றது போலும் நிரப்பு’ என்கிறது 1048ஆம் குறள். வறுமைப் படிவம்! சில படிவங்களின் வடிவமைப்பைப் பார்த்தால் அந்தப் பெயரும் தகும்தான்.

அந்த வறுமையின் தலையாய அடையாளம் அடிக்கோடு. ‘பெயர்:’ என்று தட்டி, விசையை அழுத்திப் பிடித்து இருபது முப்பது அடிக்கோடுகளை இழுத்துவிடுவது. தாளில் அச்சிட்டுப் பேனாவால் எழுத அது போதும். திரையில் நிரப்புபவர் கோட்டின் நடுவில் சுட்டியை வைத்துப் பெயரைத் தட்டியதும், மிச்சக் கோடு வலப்பக்கம் நகர்ந்து அடுத்த வரிக்கு உருளும். அதற்குக் கீழே இருப்பவையெல்லாம் இறங்கும். ஒரு பக்கப் படிவம் ஒன்றேகால் பக்கமாகும். காரணம் எளிது. சொற்செயலிக்கு அது கோடு அல்ல, வரிசையாக நிற்கும் எழுத்துகள். எது நிலையான வாசகம், எது நிரப்ப வேண்டிய இடம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கென்றே வேர்டு 2007இல் வந்தது ‘கன்டென்ட் கன்ட்ரோல்’. ‘உள்ளடக்கக் கட்டுப்பாடு’ என்று நேராகப் பெயர்த்தால் தணிக்கைத் துறை வாடை அடிக்கிறது. இங்கே ‘கன்ட்ரோல்’ அடக்குவதைக் குறிப்பதல்ல, திரையில் இயக்கும் உறுப்பைக் குறிப்பது. கோப்பு உள்ளே சேமிக்கப்படும் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் இதன் பெயர் ‘எஸ்டிடி’, அதாவது ஸ்ட்ரக்சர்டு டாக்குமெண்ட் டேக். நான் ‘நிரப்பிடம்’ என்று எழுதுகிறேன். தரவுத்தளத்தாரின் ‘புலம்’ நல்ல சொல்தான். ஆனால் வேர்டில் ‘ஃபீல்டு’ என்பது பக்க எண், தேதி போலத் தானே மாறும் குறியீட்டையும் குறிப்பதால், இரண்டையும் புலம் என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

நிரப்பிடத்தில் வகைகள் உண்டு: வெற்றுரை, வடிவூட்டிய உரை, கீழிறங்கு பட்டியல், தேதித் தேர்வு, படம். தேர்வுப்பெட்டி 2010 பதிப்பில்தான் சேர்ந்தது. ஒரு வரிசையையே திரும்பத் திரும்பச் சேர்க்கும் வகை 2013இல். இலவசச் சொற்செயலியான லிப்ரே ஆபிஸ் ரைட்டரும் 7.4 பதிப்பிலிருந்து இவற்றில் பலவற்றை ஆதரிக்கிறது. வேர்டில் இவை ‘டெவலப்பர்’ தாவலில் ஒளிந்திருக்கின்றன, அதைத் தேடி இயக்கிக்கொள்ள வேண்டும்.

திருத்த எளிதான படிவம் என்றால் யார் திருத்த? நிரப்புபவரும் திருத்துவார், அடுத்த ஆண்டு கேள்விகளை மாற்றப்போகிறவரும் திருத்துவார். இரண்டாமவரை யாரும் நினைப்பதில்லை. அவருக்காகத்தான் அட்டவணை: இடக்கட்டத்தில் கேள்வி, வலக்கட்டத்தில் நிரப்பிடம், கோடு வேண்டுமென்றால் கட்டத்தின் கீழ் விளிம்புக்கு மட்டும். புதிய கேள்வியா, ஒரு வரிசையைச் சேர்த்தால் முடிந்தது. வரிசை உயரத்தை ‘சரியாக இவ்வளவு’ என்று வைத்தால் நீண்ட முகவரியின் கடைசி வரி கட்டத்துக்குள் மறைந்துவிடும். ‘குறைந்தது இவ்வளவு’ என்று வைக்க வேண்டும். உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அகலம் மாறும் விருப்பத்தையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியில்லாத நீண்ட மின்னஞ்சல் முகவரி ஒன்றே அட்டவணையைக் கோணலாக்கிவிடும். எழுத்தின் அளவையும் தடிமனையும் ஒவ்வொரு இடத்திலும் கையால் மாற்றாமல் ‘ஸ்டைல்’ (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பு) வழியாகக் கொடுத்தால், பின்னால் ஒரே இடத்தில் மாற்றலாம்.

தமிழ்ப் படிவங்களுக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், நிரப்பிடமும் அதே எழுத்துருவை ஏற்று ஆங்கில எழுத்துகளையெல்லாம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகளாகக் காட்டும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகே நிரப்பிடங்களை வைப்பது நல்லது.

சாம்பல் நிறக் குறிப்பெழுத்தைக் கேள்வியாகப் பயன்படுத்துவது அடுத்த பிழை. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நிரப்பி வந்த படிவத்தில் ‘12.04’ என்று மட்டும் நின்றால் அது பிறந்த நாளா, சேர்ந்த நாளா? கேள்வி வெளியே, நிலையான வாசகமாக இருக்க வேண்டும். குறிப்பெழுத்தில் ‘நாள்-மாதம்-ஆண்டு’ என்பதுபோல எழுதும் முறையைச் சொன்னால் போதும். நிரப்பாமல் விட்டால் அது அச்சிலும் அப்படியே வரும் என்பதால் அங்கே வேடிக்கையாக எதையும் எழுதி வைக்கக் கூடாது.

பூட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். நிரப்பிடங்களுக்கு முன்பிருந்தே வேர்டில் உள்ள பழைய வகைப் படிவப் புலங்கள், ஆவணத்தை ‘படிவம் நிரப்ப மட்டும்’ என்று பூட்டினால்தான் வேலை செய்யும். நிரப்பிடங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றின் பண்புகளிலும் ‘இதை நீக்க முடியாது’ என்று குறித்தாலே தவறி அழிவது நின்றுவிடும். நிலையான வாசகத்தையும் காக்க வேண்டுமென்றால் முழு ஆவணத்தையும் பூட்டலாம். ஆனால் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அதைப் போட்டவர் வேலை மாறிப் போய்விட்டால், அடுத்து வருபவர் படிவத்தை முதல் வரியிலிருந்து மறுபடி தட்ட உட்காருவார். கடவுச்சொல் இல்லாமல் பூட்டினாலும் கைதவறி அழிவது தடைப்படும். பெரும்பாலான படிவங்களுக்கு அதுவே போதும்.